கருவாயனுக்குச் சுத்தபோசனம்

வியாகுலமேரி தன் வீட்டு நாயைத் தவக்காலத்தில் சைவமாக்கிவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவதாக அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. சைவமாக்கியதில் நாய்க்குக் கால் வளைந்துபோனது என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

ராயப்பன்பட்டியில் என் தையல் மிஷின் கிடக்கிற சன்னலுக்கும் அவள் வீட்டுக் கொல்லைக்கும் நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். அவ்வளவுதான். நான் யார் வீட்டையும் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. மிஷினை மிதிக்கும்போது தலையை நிமிர்த்தினால் அவர்களே வந்து என் கண்ணில் விழுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

நாயைக் கொண்டுவந்தது அவள் புருசன் இஞ்ஞாசிமுத்து அண்ணன். ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை அவருக்கு. பந்தலில் பழம் கறுக்கத் தொடங்கினால் மயில் கூட்டம் கூட்டமாக இறங்கும். போன வருசம் மயில் தின்றது போக மிச்சத்தைத்தான் வியாபாரி பார்த்தான். அதுபோக, கிணற்று மோட்டாரின் செம்பு ஒயரை எவனோ இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போய்விட்டான். "மனுசனுக்கும் மயிலுக்கும் சேத்து ஒரே மருந்து" என்று சொல்லி, தை மாசக் கடைசியில் கோம்பைக்குப் போய் ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் அடுப்புக்குள் விட்டு எடுத்ததுபோலக் கறுப்பு. கோம்பை நாய்க்கு அதுதான் லட்சணம். கருவாயன் என்று பேர் வைத்தார். வந்த மூன்றாம் நாளே என் செருப்பில் ஒன்றைத் தின்றது. நல்ல நாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் விபூதிப் புதன் வந்தது, தவக்காலத்தின் முதல் நாள்.

அவர்களுக்கு ஒரே மகள், அனிதா மேரி. கூடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை பெனடிக்ட், குமுளிக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறான். தங்கமான பையன், வாய் திறந்து பேசினால்தான் தெரியும், பேச மாட்டான். அனிதாவுக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டும் கலைந்துபோயின. மூன்றாவது தங்கியதும் நாலாம் மாசமே வியாகுலமேரி போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு, குகைபோலக் கட்டிய மாதா கெபிக்கு முன்னால் முழந்தாள் போட்டிருந்தோம். நான் அவள் பக்கத்தில்தான். மனதுக்குள் வேண்டுகிற பழக்கம் வியாகுலமேரிக்குக் கிடையாது. மாதாவுக்குக் காது மந்தம் என்பதுபோலத்தான் வேண்டுவாள்.

"தாயே, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எங்க வீட்டுல வாயுள்ள ஒண்ணும் கவிச்சி தொடாது. எம் பிள்ள வயித்துல இருக்கிறத மட்டும் காப்பாத்திக் குடு."

கறி, மீன், முட்டை தொடாமல் இருப்பதற்கு எங்கள் ஆட்களிடம் சுத்தபோசனம் என்று பேர். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சிலர், நாற்பது நாளும் சிலர். அது அவரவர் பாடு. ஆனால் 'வாயுள்ள ஒண்ணும்' என்று யாரும் நேர்ந்து நான் கேட்டதில்லை. அந்த வீட்டுப் பல்லி இனி என்ன செய்யும் என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நாயை நினைக்கவில்லை. அனிதாவையும் நினைக்கவில்லை. அதை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்று முதல் கருவாயனுக்குக் காலையில் மோர்ச்சோறு, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி காலையில் மிஞ்சிய மோர்ச்சோறு. குட்டிக்கு மூன்று மாசம்கூட ஆகவில்லை. கிடைத்ததை எல்லாம் எலும்பாக்கிக்கொண்டு வளர்கிற வயசு. முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எலும்பு விழும், கருவாட்டுத் தலை விழும். இப்போது ரசத்தில் மிதந்த கருவேப்பிலையை மூக்கால் ஒதுக்கிவிட்டு என் சன்னலைப் பார்க்கும்.

இஞ்ஞாசிமுத்து அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை தோறும் உரம் வாங்கத் தேவாரம் போய்விடுவார். ஒன்றரை ஏக்கருக்கு அத்தனை உரம் போட்டால் திராட்சை பூசணிக்காய் அளவு காய்க்க வேண்டும். அவர் சட்டை ஒன்றைக் கக்கம் பிரித்துத் தைக்க என்னிடம் கொடுத்தாள் வியாகுலமேரி. இரண்டாவது பித்தானுக்குக் கீழே பரோட்டா சால்னா. நான் துவைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். தான் தின்கிறதில் ஒரு துண்டை இலையில் மடித்துக் குட்டிக்குக் கொண்டுவர அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்தவனின் வயிறு மட்டும் பயப்படுவதில்லை.

மூன்றாவது வாரத்தில் குட்டி ஓடுவதை நிறுத்தியது. நாலாவது வாரத்தில் முன்னங்கால் மணிக்கட்டு இரண்டும் எலந்தப்பழம் சொருகினாற்போல வீங்கின. நின்றால் கால்கள் வெளிப்பக்கம் வளைந்து, நடுவே ஒரு செம்பு போய்வரலாம்போல இருந்தது.

"மதினி, இதென்ன இப்படி நிக்கிது?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் வியாகுலமேரி.

அதே சமயம் அங்கே அனிதா மேரி நாற்காலி போட்டு இளவெயிலில் உட்கார்ந்திருந்தாள். சுகாதார நர்ஸ் வந்து, தினம் காலையில் வெயிலில் இரு, அதில் வைட்டமின் டி இருக்கிறது, எலும்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கூடவே, ரத்தம் குறைவாக இருக்கிறது, நாளுக்கு ஒரு முட்டையாவது சாப்பிடு என்றும் சொன்னாள். வியாகுலமேரி வெயிலைப் பிடித்துக்கொண்டு முட்டையை விட்டுவிட்டாள். "நர்சம்மாவுக்கு நம்ம நேத்தி தெரியுமா? முருங்கக்கீரையில இல்லாத ரத்தமா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எலும்புக்குத்தான மதினி வெயிலு? அதையும் அவ பக்கத்துல கட்டிப் போடுங்க."

சொன்னது நான்தான். நானே சொல்லிவிடுகிறேன். வியாகுலமேரி சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முளை அடித்து, காலை ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை குட்டியைக் கட்டினாள். பங்குனி வெயில். மேற்கே மலை மட்டும் குளிர்ந்த மாதிரி நீலமாக நிற்கும், கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தோசைக்கல்லாகக் காயும். போதாதென்று எலுமிச்சம்பழம் பிழிந்து வாயில் ஊற்றினாள், அதிலும் வைட்டமினாம். அனிதா எட்டு மணிக்கு எழுந்து உள்ளே போய்விடுவாள். குட்டி கல்லின் நிழலைத் தேடித் தேடி, அது சுருங்கச் சுருங்கத் தானும் சுருங்கிக் கிடக்கும்.

ஒரு புதன்கிழமை அது எழுந்திரிக்கவில்லை.

தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த இஞ்ஞாசிமுத்து அண்ணன் கூப்பிட்டுப் பார்த்தார். வால் மட்டும் தரையில் தட்டியது. பின்பக்கத்தைத் தூக்கியது, முன்னங்கால் மடங்கி, கருவாய் மண்ணில் குத்தியது. மறுபடி தூக்கியது. மறுபடி குத்தியது.

"ஏய் வியாகுலம்! வெளியில வா! வந்து பாரு ஒன் தவத்த!"

"எதுக்கு இந்தக் கத்து கத்துறீக? பிள்ள தூங்குறா."

"தூங்கட்டும். இது தூங்கப் போகுது, ஒரேயடியா. இதுக்கு ஞானஸ்நானம் எப்ப குடுத்த? ஞானத்தாயி யாரு, சலேத்தா?"

சலேத்து என்பது நான். சண்டையில் என் பேர் அடிபட்டதும் சுவரோரம் போனேன், வேறு வழியில்லை.

"அண்ணே, சும்மா கத்தாம பெட்டிய எடுங்க. நான் புடிச்சுக்கிறேன்."

திராட்சை அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டியில் சாக்கை மடித்துப் போட்டுக் குட்டியைக் கிடத்தி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் "என்ன, பழம் ஏத்திட்டுப் போறீகளா?" என்றார்கள். அவர் வண்டியை இன்னும் முறுக்கினார்.

கால்நடை டாக்டர் தேவயானி சின்ன வயசு. ஒரு மாட்டை முடித்துவிட்டு, கையில் சாணி காயும் முன்பே எங்களிடம் வந்தாள். குட்டியின் மணிக்கட்டை அமுக்கினாள், விலா எலும்பை வரிசையாகத் தடவினாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"என்ன சாப்பாடு?"

"மோர்ச்சோறு, ரசஞ்சோறு" என்றார் அண்ணன்.

"அதோட?"

"எலுமிச்சம்பழம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "திராட்சை போட்டீங்களா?"

"நாங்க போடல டாக்டரம்மா. தோட்டத்துல உதுந்து கெடக்கிறத ஒண்ணு ரெண்டு…"

"ஒண்ணுகூடத் திங்கக் கூடாது. நாய்க்குச் சிறுநீரகம் போயிரும். இந்தப் பள்ளத்தாக்குல வர்ற ஒவ்வொருத்தருக்கும் இதச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுருச்சு. சரி, கறி, முட்டை, மீனு எதுவுமே இல்லையா? ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தவக்காலம்" என்றார்.

"யாருக்கு?"

"வீட்டுக்கே."

"இது வீட்டுல என்ன, மருமகனா?"

"வெயில்ல போட்டோம் டாக்டரம்மா" என்று நான் குறுக்கே விழுந்தேன். "காலையில நாலு மணி நேரம். வைட்டமின் டிக்கு."

"யாரு சொன்னது?"

இந்தமுறை இஞ்ஞாசிமுத்து அண்ணன் என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, மனுசத் தோல்ல வெயில் பட்டா வைட்டமின் டி ஊறும். நாய்த் தோலுக்கு அது பத்தாது. வருசம் முழுக்க வெயில்ல காயப் போட்டாலும் வத்தலாகுமே தவிர வைட்டமின் ஏறாது. டி இதுக்கு வாய் வழியாத்தான் போகணும். மஞ்சக்கரு, மீனு, ஈரல். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும், அது எலும்புல போய் ஒட்ட டி வேணும். ரெண்டும் இல்லாம வளந்தா எலும்பு மெழுகு மாதிரித்தான் நிக்கும், உடம்பு கனம் தாங்காம வளையும். பசிக்கும் நரம்புக்கும் பி வேணும், அதான் இது தள்ளாடுது. கண்ணுக்கு ஏ. வெறும் வெள்ளச் சோத்துல இதுல எது இருக்கு?"

"எலுமிச்சம்பழம்…" என்று நான் இழுத்தேன்.

"அது சி. அத மட்டும் நாய் தன் ஈரல்லயே செஞ்சுக்கும். அது கேக்காததத் தேடிப் புடிச்சுக் குடுத்துட்டு, கேட்டத இல்லைன்னுருக்கீங்க."

ஊசி போட்டாள். சொட்டு மருந்துக் குப்பி ஒன்றும், சுண்ணாம்புச் சத்துத் தூளும் எழுதிக் கொடுத்தாள்.

"சொட்டு ஒரு நாளைக்கு மூணு. நாலாவது சொட்டு விழக் கூடாது. சீக்கிரம் தேறட்டும்னு ஊத்துனீங்கன்னா டி கூடிப்போய்ச் செத்தே போகும். தினம் ஒரு அவிச்ச முட்டை, மஞ்சக்கரு கண்டிப்பா. ஈரல் வாரத்துல ரெண்டு நாள், இந்தா, இந்த நெகத்தளவு. நல்லதாச்சேன்னு அள்ளிப் போட்டா ஏ கூடி, அதுக்கும் எலும்பு கெட்டுப்போகும். கேக்குதா?"

"ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கே டாக்டரம்மா" என்றார் அண்ணன் மெதுவாக.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியை மேசையில் வீசினாள். "இது வளர்ற எலும்பு. இன்னைக்கே ஆரம்பிச்சா நிமிரலாம். பதினெட்டு நாள் கழிச்சு வந்தா, வளைஞ்சது வளைஞ்சதுதான். நேந்தது நீங்க, கால் வளையுறது இதுக்கா? எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து முட்டை அட்டையை அவர் சமையல்கட்டில் வைத்த சத்தம் எனக்கு மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்டது.

"யாரக் கேட்டு இத உள்ள கொண்டாந்தீக?"

"டாக்டரு சொல்லிருக்காக. அவிச்சுக் குடு."

"எங்கையாலயா? நாள எண்ணி எண்ணிப் பிள்ளையக் காத்துக்கிட்டிருக்கேன், எங்கையாலயே நேத்திய ஒடைக்கச் சொல்றீகளா? ரெண்டு போச்சு. அப்பல்லாம் நான் ஒண்ணும் நேரல. வெறுமன இருந்தேன். போச்சு. இப்ப நேந்தேன், நிக்கிது. இத நீங்க ஒடைப்பீகளா, ஒரு நாய்க்காக?"

"நாயி செத்துப் போகும்டி!"

"சாகட்டும். நாய் செத்தா இன்னொரு நாய். எம் மகளுக்கு இன்னொரு பிள்ளன்னு எந்தக் கோம்பையில போய் வாங்கிட்டு வருவீக?"

கோபத்திலும் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் வினை. நியாயம் இல்லாத பொம்பளையோடு சண்டை போடுவது சுலபம்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே முட்டை அட்டை வந்தது. அதன்மேல் சொட்டு மருந்துக் குப்பி.

"மதினி, இது ஒங்க வீட்டுல இருக்கட்டும். ஈஸ்டர் ஞாயிறு கழிச்சு வாங்கிக்கிறேன்."

"சொட்டு மருந்து மருந்துதான மதினி?"

"மோந்து பாருங்க. மீன் ஈரல் வாட. எனக்கென்ன மூக்கு இல்லையா?"

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும், அண்ணன் பங்குச்சாமியாரைக் கோவில் வாசலிலேயே மறித்து விசயத்தைச் சொன்னார். சாமி சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"வியாகுலமேரி, நாய்க்கு ஒருசந்தி நோன்பும் கிடையாது, சுத்தபோசனமும் கிடையாது. கர்ப்பிணிக்கும் கட்டாயம் இல்ல. நம்ம சட்டப்படி முட்டையும் மீனும் விலக்கே இல்லம்மா."

"அது சபைச் சட்டம் சாமி. நான் சட்டத்துக்கா நேந்தேன்? மாதாவுக்கு நேந்தேன்."

"மாதா ஒரு குட்டிநாயப் பட்டினி போடச் சொல்லுவாங்களா?"

"அத நான் அவுககிட்டக் கேட்டுக்கிறேன்" என்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சாமி என்னைப் பார்த்தார். நானும் கும்பிட்டுவிட்டு நழுவினேன். ஏனென்றால் அதற்கு முந்தின நாளே என் அடுப்பில் முட்டை வெந்துவிட்டது.

நடந்தது இதுதான். தவக்காலம் முழுக்க வியாகுலமேரி விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு ஏழரைக்குத்தான் வருவாள். வியாழக்கிழமை அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் அனிதா மேரி சுவரோரம் வந்தாள். வெளுத்த உதடு. கண்ணுக்குக் கீழே நிழல்.

"அத்தே, அந்த முட்டைய அவிச்சுக் குடுங்க. நான் அதுக்குப் போடுறேன்."

"ஒங்கம்மாக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

அவித்துக் கொடுத்தேன். சொட்டு மருந்தை நானே எண்ணி விட்டேன். அரை இஞ்சு பிசகினாலும் ஊர் முழுக்கப் பேசுகிற ஜாக்கெட் தைக்கிறவள் நான், எனக்கு மூன்று எண்ணத் தெரியாதா? குட்டி படுத்த படுக்கையிலேயே மஞ்சக்கருவை நக்கித் தின்றது. தின்று முடித்து அவள் விரலையும் தின்னப் பார்த்தது.

மூன்றாவது நாள்தான் கவனித்தேன். மஞ்சக்கருவைக் குட்டிக்கு வைத்துவிட்டு, வெள்ளையை அனிதா தன் வாயில் போட்டாள். அவசரமில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி நின்று, மென்று, விழுங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோர்க்கிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தேன். அதில் ஒரு மஞ்சக்கருவை நாய்க்கு வைத்தாள். மற்றது முழுசும் அவளுக்கு.

என் ஆயுசில் நான் காத்த ஒரே ரகசியம் அது. ஒன்பது நாள் காத்தேன். நானும் காலைப் பூசைக்குப் போகாமல் ஒன்பது நாள். வயிறு உப்பி வெடித்துவிடும்போல இருந்தது.

ஒன்பதாவது நாள், அதுவும் வெள்ளிக்கிழமை. சாமி உத்தமபாளையத்துக்குப் போய்விட்டதால் பூசை இல்லை என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஊர்ச் சேதி எல்லாம் என்னிடம் வரும், இந்த ஒன்று வராமல் போயிற்று. வியாகுலமேரி ஏழுக்கு முன்பே கொல்லைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முட்டை ஓடெல்லாம் என் பக்கம் பத்திரமாக இருந்தது. தட்டு கழுவியாகிவிட்டது. ஆனால் கருவாயன் மூக்கில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. செவலை வாயாக இருந்தால் தெரிந்திருக்காது. கறுப்பு வாயில் மஞ்சள், கரும்பலகையில் சாக்குக்கட்டிக் கோடு மாதிரி தெரிந்தது.

அவள் குனிந்து அதை விரலால் துடைத்து எடுத்தாள். முகர்ந்தாள்.

"மதினி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "ஒளியாதீக, ஒங்க தல தெரியுது. நம்பி ஒங்ககிட்டக் குடுத்தேன் பாருங்க, என்னச் செருப்பாலடிக்கணும். ஊருத் துணியெல்லாம் தச்சுப் போடுவீக, எங்க நேத்தியக் கிழிச்சுப் போட்டீகளே! எங்க அந்த மனுசன்? ஏங்க! வாங்க இங்கன! ரெண்டு பேரும் சேந்து சதி பண்ணிட்டீகளா? எம் பிள்ள வயித்துக்கு ஒண்ணு ஆகட்டும், ரெண்டு பேரு வாசல்லயும் நான் மண்ண வாரித் தூத்தாட்டி…"

இஞ்ஞாசிமுத்து அண்ணன் வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்தவர், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். உண்மைதான். அவருக்கு எப்போதுமே ஒன்றும் தெரியாது.

"அவுகள ஏன் வையிற?" என்றாள் அனிதா மேரி.

நாற்காலியை விட்டு எழவில்லை. குரலும் ஏறவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம்.

"முட்டை கேட்டது நான். குடுத்தது நான். நானுந்தான் தின்னேன். ஒம்பது நாளாத் திங்கிறேன். ஞாயிறு வெள்ளி ஒண்ணும் விடல."

வியாகுலமேரியின் கையில் ஜெபமாலை இருந்தது. அதைத் துவைக்கிற கல்மேல் வைத்தாள்.

"ஆத்தா, என்னடி சொல்ற?"

"ஒண்ணும் ஆகலம்மா. பாரு, உக்காந்துக்கிட்டுத்தான இருக்கேன். ஒதைக்குது. முன்னாடி ஒதைக்காமயே கெடந்துச்சு, அது ஒனக்குத் தெரியுமா? கேட்டியா? வயித்தத் தொட்டுத் தொட்டு மாதாகிட்டப் பேசுன, என்கிட்ட ஒரு நா பேசுனியா? எந்திரிச்சா கண்ணு இருட்டுது, சொவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் கக்கூசுக்குப் போறேன்."

"ஒனக்காகத்தானடி நேந்தேன்!"

"எனக்காக நேந்த, என்னக் கேட்டு நேந்தியா? வாயுள்ள ஒண்ணும்னு நேந்தியாம். அத்த சொன்னாக. வாயின்னா திங்கிறதுக்கு மட்டுந்தானா? இதுக்கு வாயி இருக்கு, பேச முடியல, கால் வளைஞ்சு காமிச்சுச்சு. எனக்கு வளையுறது வெளியில தெரியுமா?"

பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நாய்க்கு எந்திரிக்க முடியலன்னதும் பெட்டியில வச்சுத் தூக்கிட்டு ஓடுனீகளேப்பா. டாக்டரு முட்டை குடுன்னு சொன்னாகன்னு அம்மாகூடத் தெருவே கேக்கச் சண்ட போட்டீக. சாமிகிட்டப் போனீக. நர்சக்கா அதே முட்டையத்தான் எனக்குச் சொன்னாக, அதுக்கு முன்னாடியே சொன்னாக. எனக்காக யாருப்பா சண்ட போட்டா? வியாழக்கெழம வியாழக்கெழம தேவாரத்துக்குப் போயி நீங்க மட்டும் தின்னுட்டு வந்தீக."

இஞ்ஞாசிமுத்து அண்ணன் தன் சட்டையின் இரண்டாவது பித்தானைத் தொட்டுப் பார்த்தார். துவைத்தது நான், அதில் ஒன்றும் இருந்திருக்காது.

"அத்தே, நீங்களுந்தான்" என்று என் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் பாப்பீக. நாயி இளைச்சத மொத வாரமே பாத்தீக, சொன்னீக. நான் இளைச்சது ஒங்க சன்னல்ல தெரியலையா?"

தெரிந்தது. மசக்கை என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவும் இல்லை. நாயின் கதை சிரிப்பாக இருந்தது, அதனால் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாகுலமேரி உள்ளே போனாள். பாத்திரங்கள் உருண்டன. பத்து நிமிசம் கழித்து இரண்டு தட்டைக் கொண்டுவந்து, ஒன்றை நாற்காலிக்கு முன்னாலும் ஒன்றைக் கல்லுக்குப் பக்கத்திலும் டங்கென்று வைத்தாள். வெறும் தட்டுகள். பிறகு சுவரோரம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். முட்டை அட்டையையும் குப்பியையும் அந்தக் கையில் வைத்தேன். அவளே அவித்தாள். அவித்துக்கொண்டே மாதாவைத் திட்டினாளோ, மகளைத் திட்டினாளோ, என்னைத்தான் திட்டினாளோ, அடுப்புச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னோடும் பேசவில்லை, மகளோடும் பேசவில்லை. முட்டை மட்டும் தவறாமல் வெந்தது. நர்ஸ் வந்து ரத்தம் பார்த்துவிட்டு ஏறியிருக்கிறது என்றபோது, கேட்காதவள்போலப் புடவையை உதறிக் கொடியில் போட்டாள். அவள் மட்டும் மோர்ச்சோறும் ரசமுமாகவே இருந்தாள். கடைசி வாரத்தில் மோரையும் விட்டுவிட்டாள். பெரிய வெள்ளி அன்று மலைப்பக்கமிருந்து இடித்துக்கொண்டு மழை வந்தது. பழுத்த குலையில் தண்ணீர் நின்றால் பழம் வெடிக்கும் என்று அண்ணன் பந்தலுக்கு ஓடினார். அவள் மழையிலேயே கெபிக்குப் போனாள்.

உயிர்த்த ஞாயிறு. தெரு முழுக்க மசாலா வாடை. அண்ணன் கறியும், தனியாக இலையில் மடித்த ஈரலும் வாங்கிவந்திருந்தார். வியாகுலமேரி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொல்லைப்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொடவில்லை.

உள்ளேயிருந்து அனிதா சத்தம் போட்டாள். "அம்மா, ஞாயித்துக்கெழம வந்துருச்சு. தின்னு."

"வாயுள்ள ஒண்ணும்னு நேந்தேன். மூணு வாயி கழண்டுக்கிருச்சு. மிச்சம் ஒரு வாயி இருக்கு, பிள்ள பொறக்குற வரைக்கும் அது கெடக்கட்டும்."

"நீ கண்ணு இருட்டி விழுந்தா என் பிள்ளைய யாரு தூக்குறது? அதுக்கும் நேந்துக்கிறியா?"

"வாய மூடுடி!"

"மூட மாட்டேன்!"

இந்தச் சத்தத்தில் கருவாயன் எழுந்தது. துவைக்கிற கல்லிலிருந்து படிக்கட்டுவரை பத்தடி. ஒரு கால் ஏறக்குறைய நேராகிவிட்டது, மற்றது இன்னும் அருவாள் மாதிரிதான். விழாமல், தாங்கித் தாங்கி, யாரும் கூப்பிடாமல் அது வந்தது. வந்து வியாகுலமேரியின் தட்டில் கருவாயை விட்டு, ஈரலில் பெரிய துண்டைக் கவ்வியது.

அவள் கை ஓங்கியது. ஓங்கியபடியே அந்த வளைந்த காலைப் பார்த்தாள். நானும் மிஷினை நிறுத்தினேன்.

"சனியனே, விடு! நெகத்தளவுன்னுதான டாக்டரம்மா சொல்லிவிட்டாக. கூடுனா எலும்பு கெட்டுப்போகும்னாகளே, ஒனக்குக் காது கேக்கலையா?" என்று அதன் தாடையைப் பிடித்துப் பிளந்து, பாதி ஈரலை வெளியே இழுத்தாள். நகத்தால் ஒரு துணுக்குக் கிள்ளி அதன் நாக்கில் வைத்தாள். அது விழுங்கிவிட்டு இன்னொன்றுக்கு வாயைத் திறந்தது.

"இன்னொண்ணு கெடையாது. புதன்கெழமதான்."

அனிதா மேரி கதவில் சாய்ந்து நின்றாள். வியாகுலமேரி நிமிரவில்லை. எச்சில் வடிகிற அந்த மிச்ச ஈரலை என்ன செய்வதென்று தெரியாமல், நாய்க்கும் கொடுக்காமல், கீழேயும் போடாமல், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.